விரல் நுனிக்கு வராத ரத்தம்

அக்டோபர் பிறந்தால் போதும், வில் வேட்டைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எந்தக் கையுறை வாங்கலாம் என்பதுதான். நானும் ஐந்து வருடம் அதே கேள்வியோடு கடை கடையாக ஏறி இறங்கியவன். ஒவ்வொரு குளிர்காலமும் போன வருடத்தைவிடத் தடிமனாக ஒரு ஜோடி வாங்குவேன். மரத்தில் கட்டிய பரணில் உட்கார்ந்து இரண்டு மணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். சரி, இதுவும் உதவாது என்று அடுத்த வருடம் இன்னொன்று. கேள்வியே தப்பு என்று எனக்குப் புரிந்தது 2014 நவம்பரில். புரிய வைத்தது ஒரு மான். அது செத்த விதம் எனக்கு இன்றுவரை ஆறவில்லை.

என் ஊர் தேனிப் பக்கம். குளிர் என்றால் மார்கழி விடியலில் காதை மூடி மஃப்ளர் கட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போவது, அதற்கு மேல் தெரியாது. வேலை என்னை அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தில் கொண்டுவந்து விட்டது. சாக் கவுண்டியில் பால் பண்ணை வைத்திருந்த ஒரு பெரியவர் பழக்கமானார், அவர் நிலத்தில்தான் மான் வேட்டை பழகினேன். துப்பாக்கி வேண்டாம், வில் போதும் என்று நினைத்ததற்கு விசா ஒரு காரணம். விசாவில் இருக்கிறவன் துப்பாக்கி வாங்கப் போனால் ஆயிரம் கேள்வி, வில்லுக்கு அதெல்லாம் கிடையாது. ஆனால் அது மட்டும் இல்லை. வில்லுக்கு மான் 20, 25 கஜத்துக்குள் வர வேண்டும். அவ்வளவு கிட்டத்தில், அதன் மூச்சு புகையாக வருவதைப் பார்த்துவிட்டுத்தான் அம்பை விட வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் பட்டது. 1934-லேயே வில்லுக்கென்று தனி மான் சீசன் திறந்த மாநிலம் இது, செப்டம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி தொடக்கம்வரை போகும். 1973 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டை வகுப்பில் படித்துத் தேறினால்தான் லைசென்ஸ். பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளோடு உட்கார்ந்து படித்தேன். சந்தேகம் இருந்தால் விடாதே என்பதை அங்கே எத்தனை முறை சொன்னார்கள் என்று கணக்கில்லை.

வில்லுக்கு வேண்டிய கை

துப்பாக்கிக்காரர் கை வேறு, வில்காரர் கை வேறு. அவர் தடித்த உறைக்குள் கையை வைத்துக்கொண்டு உட்காரலாம், மான் வந்ததும் உறையை உதறிவிட்டு ஒரு விரலை அழுத்தினால் முடிந்தது. வில்லோடு இருக்கிறவன் நாலு மணி நேரம் மரத்தோடு மரமாக அசையாமல் உட்கார்ந்திருந்துவிட்டு, திடீரென்று 60 பவுண்டு பாரத்தை ஒரே இழுப்பில் சத்தமில்லாமல் இழுக்க வேண்டும். காம்பவுண்ட் வில்லில் முழுதாக இழுத்து முடித்ததும் இரண்டு முனையிலும் இருக்கும் சக்கரங்கள் உருண்டு பாரத்தை வாங்கிக்கொள்ளும், அப்புறம் கையில் நிற்பது 12 பவுண்டு அளவுதான். அந்த நிலையில் மான் திரும்பும்வரை நிற்க வேண்டும். இடது கை வில்லை இறுக்கிப் பிடிக்கவும் கூடாது, உள்ளங்கையில் சும்மா சாய்ந்திருக்க வேண்டும். இறுக்கினால் அம்பு ஒரு பக்கம் போகும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வலது கை ஆள்காட்டி விரல். மணிக்கட்டில் வார் போட்டுக் கட்டிய ரிலீஸ் என்ற சிறு கருவி நாணைக் கவ்வியிருக்கும், அதன் விசையை விரல் நுனியால் மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். எப்போது விடுபடும் என்று நமக்கே தெரியக் கூடாது, அப்படி விட்டால்தான் கை குலுங்காது. என் ரிலீஸின் விசையில் குறுக்காக நாலு மெல்லிய கோடு வெட்டியிருக்கும், விரல் வழுக்காமல் இருப்பதற்காக. கோடைகாலத்தில் வீட்டுப் பின்புறம் பழகும்போது கண்ணை மூடிக்கொண்டு அந்த நாலு கோட்டையும் விரல் நுனியால் எண்ணிவிடுவேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. எந்தக் கோட்டில் விரல் இருந்தால் அம்பு எப்படிப் போகும் என்பதுவரை தெரியும். கோடையில் தெரியும்.

நவம்பர் 15

சனிக்கிழமை. அந்த வாரம் இந்தப் பக்கம் முழுக்க வழக்கத்தைவிட முன்னதாகவே கடுங்குளிர் இறங்கியிருந்தது. காரில் மைனஸ் 10 அருகே காட்டியது. அடுத்த சனிக்கிழமை துப்பாக்கி சீசன் தொடங்கிவிடும், ஆண் மான்கள் பெட்டையைத் தேடிப் பகலிலும் அலைகிற நாட்கள், விட மனசில்லை. எல்லா உடுப்பையும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டேன், அடியில் திருப்பூர் காட்டன் பனியன். இருட்டில் அரை மைல் மேட்டில் ஏறிப் பரணுக்குப் போய்ச் சேர்ந்தபோது முதுகு நனைந்திருந்தது. 18 அடி உயரத்தில் ஏறி, பாதுகாப்பு வாரை மரத்தில் மாட்டி, வில்லைக் கயிற்றில் மேலே இழுத்துக் கொக்கியில் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். கதகதப்பாகத்தான் இருந்தது, நல்லாத்தான் உடுத்தியிருக்கோம் என்று நினைத்தேன். ஏழரை மணிக்கு முதுகில் ஐஸ் வைத்த மாதிரி ஆனது. முதலில் கால் விரல் போனது, அப்புறம் கை. கையில் அந்த வருடம் வாங்கிய உறை, அதுவரை வாங்கியதிலேயே தடிமனானது.

எட்டேகாலுக்கு வந்தது. எட்டு முனைக் கொம்பு, மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு, பெட்டை போன வழியை மோந்தபடி. உறைபனி பிடித்த சருகில் ஒவ்வொரு குளம்பும் நொறுக்கு நொறுக்கென்று கேட்டது. வலது கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துப் போட்டேன். இழுக்கும்போதே தோள் இணங்கவில்லை, வில்லை மேலே தூக்கி உடம்பையே வளைத்துத்தான் நாணை இழுக்க முடிந்தது. மான் 18 கஜத்தில் நின்றது, பக்கவாட்டாக, வேறென்ன வேண்டும். ஆனால் என் விரல் விசையில் பட்டிருக்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. குனிந்து பார்க்க முடியாது, கண் நாணில் இருக்கும் சிறு துளை வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. கோடு ஒன்றும் தெரியவில்லை, உலோகம் தெரியவில்லை, விரலே இருப்பதாகத் தெரியவில்லை. மனசால் மட்டும் விரலை நகரச் சொல்லிக்கொண்டிருந்தேன். குறி பார்க்க வில்லில் இருக்கும் குறிமுள் மானின் வயிற்றிலிருந்து முன்காலுக்குப் பின்னால் உள்ள இடத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தபோது அம்பு போய்விட்டது. நான் விடவில்லை, அது போனது.

மான் துள்ளவில்லை. முதுகைக் கூனிக்கொண்டு மெதுவாக நடந்து போனது. மான் அப்படி நடந்தால் எங்கே பட்டது என்று வேட்டைக்காரர்களுக்குத் தெரியும். நுரையீரலில் பட்டிருந்தால் சில நொடியில், நூறு கஜத்துக்குள் எல்லாம் முடிந்திருக்கும். குடலில் பட்டால் மணிக்கணக்கு.

பெரியவரைக் கூப்பிட்டேன். வந்தார், அம்பை எடுத்து மோந்து பார்த்தார், பச்சையாக ஒட்டியிருந்ததைக் கட்டை விரலால் தேய்த்தார். “இப்ப பின்னாலே போனா எழுந்து ஓடும், அப்புறம் கிடைக்கவே கிடைக்காது. வீட்டுக்குப் போ. சாயங்காலம் வா” என்றார். ஏன் என்ன என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வீட்டில் என் மனைவி கையைப் பார்த்ததும் பதறிவிட்டாள். “என்னங்க, விரலெல்லாம் ஏன் இப்படி மெழுகு மாதிரி இருக்கு?” வெதுவெதுப்பான தண்ணீரில் கையை வைத்ததும் ரத்தம் திரும்பி வந்த வலியில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போதுகூட நான் நினைத்துக்கொண்டிருந்தது, என் வலி பத்து நிமிடத்தில் போய்விடும் என்பதைத்தான்.

மாலை ஆறு மணிக்கு விளக்கோடு போனோம். ரத்தம் அதிகம் இல்லை, சருகில் இங்கொரு துளி அங்கொரு துளி. ஆனால் அது படுத்த இடங்கள் இருந்தன. ஒரு இடம், நாற்பது கஜம் தள்ளி இன்னொரு இடம், அப்புறம் ஓடையைப் பார்த்துப் போகும் சரிவில் மூன்றாவது. ஒவ்வொன்றிலும் உறைபனி உருகி, மான் உடம்பின் வடிவத்திலேயே சருகு நனைந்து அமுங்கியிருந்தது. படுத்து, முடியாமல் எழுந்து, திரும்பப் படுத்திருக்கிறது. ஓடைக் கரையில் கிடந்தது. பெரியவர் முன்னங்காலைத் தூக்கி மடக்கிப் பார்த்தார், மடங்கியது, விறைக்கவில்லை. “ரொம்ப நேரம் ஆகலை” என்றார், அவ்வளவுதான். அதன் வயிற்றடியில் கை வைத்துப் பார்த்தேன். சூடாக இருந்தது.

உடம்பு எங்கே முடிவெடுக்கிறது

அந்த வருடம் அப்புறம் நான் பரண் ஏறவில்லை. குளிரில் கை எப்படி வேலை செய்கிறது என்று படித்தேன், கிடைத்ததையெல்லாம். குளிரில் கை மரத்துப்போச்சு என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோமே, மரமாகிப் போவது, அது எவ்வளவு சரியான சொல் என்று அப்போதுதான் உறைத்தது. விரலுக்குள் அதை மடக்கி நீட்டும் தசை கிடையாது. எலும்பு, தசைநார், தோல், ரத்தக் குழாய். விரலை அசைக்கும் தசைகளில் பெரியவை முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இருக்கின்றன, அங்கிருந்து கயிறு மாதிரி தசைநார்கள் போகின்றன. தானாகச் சூடு உண்டாக்க விரலிடம் பெரிதாக ஒன்றுமில்லை, ரத்தம் கொண்டுவந்தால்தான் உண்டு. அந்த ரத்தத்தை அனுப்புவதா வேண்டாமா என்று கை முடிவு செய்வதில்லை. நெஞ்சும் வயிறும் குளிர்கிறது என்று உடம்பு உணர்ந்தால், உள்ளே இருப்பதைக் காப்பாற்ற விரல்களின் குழாய்களைச் சுருக்கிவிடும். விரல் தோலின் சூடு 15 டிகிரிக்குக் கீழே போனால் நுணுக்கமான வேலை தடுமாறத் தொடங்குகிறது, இன்னும் இறங்கினால் தொடு உணர்வே போகிறது. கையுறை எவ்வளவு தடிமனாக இருந்தாலும் அது சூட்டைப் பிடித்துத்தான் வைக்கும், வராத சூட்டை எப்படிப் பிடித்து வைக்கும்? ஐந்து வருடமாக நான் செய்தது காலி பிளாஸ்குக்கு மூடி மேல் மூடி போட்ட வேலை.

லண்டனில் இருந்த தாமஸ் லூயிஸ் என்ற மருத்துவர் 1930-ல் ஒன்றைக் கவனித்து எழுதினார். விரலை ஐஸ் தண்ணீரில் வைத்தால் முதலில் குழாய்கள் சுருங்கி விரல் குளிர்ந்துகொண்டே போகிறது. ஐந்து பத்து நிமிடம் கழித்து, குளிர் அப்படியே இருக்கும்போதே, குழாய்கள் தாமாகத் திறந்து ரத்தம் பாய்ந்து விரல் சூடாகிறது. திரும்பச் சுருங்குகிறது, திரும்பத் திறக்கிறது. இதற்கு ஆங்கிலத்தில் வைத்த பெயரிலேயே வேட்டை என்ற சொல் இருக்கிறது. மான் வேட்டை அல்ல, சரியான நிலையைத் தேடி ஒரு இயந்திரம் மேலும் கீழும் அலைபாய்வதை அப்படிச் சொல்வார்கள். ஆனாலும் அந்தப் பெயரைப் படித்தபோது எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. ஏனென்றால் அதில் இன்னொரு விஷயம் உண்டு, நடு உடம்பு குளிர்ந்திருந்தால் இந்தத் திறப்பு மங்கிவிடும். நடு உடம்பு கதகதப்பாக இருந்தால் விரலைக் காப்பாற்ற உடம்பே முயற்சி செய்யும். அன்று காலை என் முதுகில் நனைந்திருந்த பனியன் என் விரலுக்கு அதைக்கூட மறுத்துவிட்டது. தண்ணீர் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேலாகச் சூட்டைக் கடத்தும். அரை மைல் மேட்டில் நான் சேர்த்த வேர்வை, மூன்று மணி நேரம் கழித்து ஒரு மானின் வயிற்றில் போய் முடிந்திருக்கிறது.

இப்போது செய்வது

இப்போது நான் பரணுக்கு நடக்கும்போது குளிரக் குளிரத்தான் நடக்கிறேன். உடம்போடு ஒட்டிய மெரினோ கம்பளி ஒன்று, மேலே ஒரு மெல்லிய சட்டை, மற்றதெல்லாம் முதுகுப் பையில். காரை விட்டு இறங்கும்போது நடுங்கினால் சரியாக உடுத்தியிருக்கிறேன் என்று அர்த்தம். மெதுவாக நடப்பேன், இருபது நிமிடத்தில் போன தூரத்துக்கு இப்போது நாற்பது நிமிடம் ஆகிறது. மரத்தடியில் நின்று சூடு தணிந்த பிறகுதான் மேல் உடுப்பைப் போடுவது. பருத்தி ஒரு நூல்கூட உடம்பில் கிடையாது. தலை வழியாகத்தான் உடம்புச் சூட்டில் பாதி போகிறது என்று இங்கே நிறையப் பேர் நம்புகிறார்கள், அது உண்மையில்லை, பத்தில் ஒரு பங்குபோலத்தான். ஆனாலும் காதையும் கழுத்தையும் மூடாமல் நான் உட்கார மாட்டேன், எங்கள் ஊர் மஃப்ளர் விஷயத்தில் தப்பில்லை.

அடுத்து முன்கை. விரலை இயக்கும் தசை அங்கேதான் இருக்கிறது என்று படித்த அன்றே பழைய கம்பளிக் காலுறை இரண்டை எடுத்து நுனியை வெட்டிவிட்டு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை மாட்டிப் பார்த்தேன். நாடி பார்க்கும் இடத்தில் ரத்தக் குழாய் தோலுக்கு எவ்வளவு பக்கத்தில் ஓடுகிறது என்பது நமக்கெல்லாம் தெரியும், அந்த இடத்தைத் திறந்து போட்டுவிட்டுக் கையுறையை மட்டும் தடிமனாகப் போட்டு என்ன பயன்? இன்றும் அதே வெட்டிய காலுறைதான். இடது கையில் மட்டும் அதன் மேல் இறுக்கமான ஒரு காப்புப் பட்டை, இல்லாவிட்டால் நாண் துணியில் பட்டு அம்பு எங்கேயோ போகும்.

கைக்கு மெல்லிய கம்பளி உறை ஒன்று போதும். அதை அக்டோபர் கடைசியில் எடுத்து மாட்டக் கூடாது, செப்டம்பரிலிருந்தே அதோடு பழக வேண்டும், ஏனென்றால் உறை போட்டால் வில் உள்ளங்கையில் உட்காரும் விதம் மாறுகிறது. மற்றபடி இரண்டு கையும் இடுப்பில் கட்டிய குழாய் மாதிரியான உறைக்குள் ஒன்றாக இருக்கும், அமெரிக்க ஃபுட்பால் ஆட்டக்காரர்கள் கட்டுவார்களே, அது. விரல்கள் தனித்தனியாக இருப்பதைவிடச் சேர்ந்திருந்தால் ஒன்றின் சூடு ஒன்றுக்கு ஆகும். ரிலீஸும் அதற்குள்ளேயே, விசையின் உலோகம் குளிர்ந்திருந்தால் தொட்ட நொடியே விரலின் சூட்டை உறிஞ்சிவிடும். உள்ளே இரண்டு சூட்டுப் பொட்டலம். அதில் இருப்பது இரும்புத் தூளும் உப்பும் கரியும் கொஞ்சம் ஈரமும்தான், இரும்பு வேகமாகத் துருப்பிடிக்கும்போது வரும் சூடு. துருப்பிடிக்கக் காற்று வேண்டும், இறுக்கமான கையுறைக்குள் திணித்தால் அணைந்த மாதிரி ஆகிவிடும். இது தெரியாமல் பொட்டலம் மட்டம் என்று திட்டுகிறவர்கள் உண்டு. நான் இருபது நிமிடம் முன்னாலேயே பிரித்துச் சட்டைப் பையில் போட்டுவிடுவேன். இன்னும் இரண்டு பொட்டலம் கைக்கே போகாது, ஒன்று இடுப்புக்கு மேலே முதுகில், ஒன்று நெஞ்சில், உள் உடுப்புக்கு மேல். கையைச் சூடாக்க முதுகில் ஒட்டுகிறாயா என்று கேட்பார்கள். ஆமாம்.

டிசம்பரில் வில்லின் பாரத்தையும் 60-லிருந்து 52 பவுண்டுக்கு இறக்கிவிடுகிறேன். குறியைத் திரும்பச் சரிபார்க்க ஒரு நாள் போகும், போகட்டும். குளிர்ந்த தோளால் இழுக்க முடியாத வில் எவ்வளவு வேகமாக அம்பு விட்டால் என்ன.

அரை மணிக்கு ஒரு முறை கட்டை விரலால் சுண்டு விரல் நுனியைத் தொட்டுப் பார்ப்பேன், அப்புறம் விசையில் அந்த நாலு கோடு. நாலும் தெரிய வேண்டும். மூன்றுதான் தெரிகிறது என்றால் கையைச் சூடாக்கப் பார்ப்பேன், முடியவில்லையென்றால் இறங்கிவிடுவேன். இறங்கும்போது இரண்டு முறை மான் எதிரிலேயே வந்து நின்றிருக்கிறது, ஒரு முறை பெரிய கொம்பு. இதைச் சொன்னால், அவ்வளவு தூரம் போய்விட்டு விட்டுவிட்டு வருவாயா என்று கூட வேட்டையாடுகிற நண்பர்களே கேட்கிறார்கள். அந்த மூன்று படுக்கைகளைப் பார்க்காதவர்கள்.

போன டிசம்பர்

மைனஸ் 13. காற்று இல்லை. மாலை நாலு மணிக்கு மூன்று பெட்டை மான்கள் சோளக் காட்டை நோக்கி வரிசையாக வந்தன. நடுவில் வந்தது 22 கஜத்தில் நின்று தலையைத் திருப்பி முதுகை நக்கிக்கொண்டிருந்தது. கையை உறையிலிருந்து எடுத்தபோது வெறுங்கை மாதிரி இருந்தது. நாணை இழுத்தேன், விரலை வைத்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. இரண்டாவது கோட்டில் விரலை நிறுத்தி, குறிமுள் விலாவில் அடங்கும்வரை நின்று, மெல்ல அழுத்திக்கொண்டே போனேன். எப்போது விடுபட்டது என்று எனக்குத் தெரியாது. மான் நாற்பது தப்படி ஓடி, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே விழுந்தது.

பெரியவருக்கு இப்போது மூட்டுவலி, ஆனாலும் டிராக்டரில் வந்துவிட்டார். விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். இந்தப் பக்கத்து மான்களில் 2002-லிருந்து மூளையைத் தின்னும் ஒரு நோய் இருக்கிறது, அதனால் ரப்பர் உறை போட்டுத்தான் அறுப்போம், தலையைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு முடிவு வந்த பிறகுதான் சமைப்போம். வயிற்றைக் கீறியதும் ஆவி குப்பென்று முகத்தில் அடித்தது. மெல்லிய ரப்பர் உறையோடு இரண்டு கையையும் முழங்கைவரை உள்ளே விட்டு, மூச்சுக்குழாயைத் தேடிப் பிடித்தேன். மானின் உடம்புச் சூடு நம்முடையதைவிடச் சற்று அதிகம். அன்று முழுவதும் என் கைகள் அவ்வளவு சூடாக இருந்தது அப்போதுதான். பெரியவர் விளக்கைக் கொஞ்சம் தாழ்த்திக் காட்டினார், அறுத்து வெளியே எடுத்தேன்.